வெட்டிவிட்ட கீழ்ச்சத்தம்

பாட்டு என்றால் சோற்றை மறக்கும் என் அண்ணே,

உன் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டேன். திட்டாதே. நீ போனதிலிருந்து அம்மா அதன்மேல் உன் துண்டைப் போர்த்தி வைத்திருந்தாள். "அத ஏண்டி நோண்டுற? அவன் சாமான் அது" என்றாள். நீ இருந்தபோது மட்டும் என்ன, மவுஸைத் தொட்டாலே கையைத் தட்டிவிடுவாய்.

நீ செய்யும்போது எல்லாம் லேசாகத் தெரிந்தது. நான் பாடினால் என் குரல் ஹெட்போனில் பின்தங்கி வந்தது, யாரோ பின்னால் நின்று பழிப்புக் காட்டுவதுபோல. வயர் இல்லாத ஹெட்போன் அப்படித்தான் செய்யும் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டேன். தகரக் கூரையில் மழை விழுந்தால் கம்பளி என்ன செய்யும்? மழை ஓயும் நேரம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

நீ எப்போதும் சொல்வாயே, "மொதல்ல கீழ்ச்சத்தத்த வெட்டிரு புள்ள. அதுல ஒன்னும் இருக்காது, காத்தும் கரண்டு இரைச்சலுந்தான்" என்று. அந்தப் பட்டன் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் வெட்டாமலே பதிவு செய்தேன்.

ஒரு சாயங்காலம் மைக்கைத் திறந்துவிட்டு, பாடுவதற்கு முன் சும்மா இருந்தேன். திரையில் கோடு நேராக ஓடவில்லை. மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. ஹெட்போனை அழுத்திப் பிடித்தும் எதுவும் கேட்கவில்லை. பதிந்ததைத் திரும்பப் போட்டு ஸ்பீக்கரில் விரலை வைத்தேன், அதன் தாள் அதிர்ந்தது.

விடிந்து பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் வாழை முறிந்து கிடக்கிறது. "பெரியவரு வந்துட்டுப் போயிருக்காரு" என்றாள் அம்மா. யானையின் பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்று பயந்து நம் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இன்னும் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவை தங்களுக்குள் பேசுவதில் பாதி நம் காதுக்கு எட்டாத கீழ்ச்சத்தம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். திரையில் ஆடிய கோடு அதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன்பிறகு உன் கடைசிப் பாட்டைத் திறந்தேன் அண்ணே. திறந்திருக்கக் கூடாதோ?

அதைப் பதிவு செய்த அன்றைக்கு என்னையும் அம்மாவையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பாட உட்கார்ந்தாய். "ஏதோ ஆடுதே" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாய். பட்டனைத் தட்டினாய். "இப்ப சுத்தமா இருக்கு" என்று சிரித்தாய். பாடி முடித்ததும் கடைக்குப் போய் வருகிறேன் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். குழாயடிக்கு அந்தப் பக்கம் நீ மிதிபட்டுக் கிடந்த இடத்தைத் தாண்டி டார்ச் எரிந்துகொண்டே கிடந்ததாம்.

அந்தப் பட்டனை இப்போது கண்டுபிடித்துவிட்டேன். உன் பாட்டில் அதை அணைத்தேன். நீ வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அலை அங்கே இருக்கிறது. பாட்டு முழுக்க உனக்கு அடியில் ஓடுகிறது. நாம் மூன்று பேரும் அந்த அறையில்தான் இருந்தோம்.

இதை எழுதும்போது விடிந்துகொண்டிருக்கிறது. பனி இன்னும் விலகவில்லை. பின் ஜன்னலில் மைக்கை வைத்திருக்கிறேன். கோடு ஏறி இறங்குகிறது. அம்மா இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கக் கிளம்பி நிற்கிறாள். கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். உன்னைத் தூக்கி வந்த அதே பாதையில்தான் போக வேண்டும்.

"போகாதம்மா, பக்கத்துலயே நிக்குது."

"எனக்கு ஒன்னும் கேக்கலையே."

"அண்ணனுக்கும் கேக்கலம்மா."

அம்மா இடுப்புத் தாளின் முடிச்சை இறுக்கினாள். பிறகு, "ஏற்கெனவே லீவு ஜாஸ்தி. கம்ப்யூட்டர் போகாதன்னு சொல்லுச்சுன்னு சூப்பர்வைசருகிட்ட சொல்லவா? சாவியக் குடு" என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா திட்டினால் திட்டட்டும். வேலை போனாலும் போகட்டும்.

அலை இப்போது கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

நான் மறுபடி பாடுவேன் அண்ணே, உன் பாட்டையும் முடிப்பேன். ஆனால் அந்தப் பட்டனை ஒருநாளும் தொடமாட்டேன். கோடு தானாக நேராகும்வரை இந்தக் கதவைத் திறக்கவும் மாட்டேன்.

கதவில் முதுகைச் சாய்த்தபடி,
உன் தங்கச்சி