வீரன் யார் குரலுக்கு வரும்

செங்கமலத்துக்கு,

நான் காலை பஸ்ஸில் அரியலூர் போகிறேன். சாவி அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. பழைய சோறு சாப்பிட்டுவிட்டேன்.

நேற்றைய கோபம் இன்னும் தீரவில்லை. கையில் கருவாட்டை வைத்துக்கொண்டு, "வூட்டுக்கு வாடா வீரா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நாய் என்னைப் பார்த்துவிட்டு ஏரிக்கரையிலேயே படுத்துக்கொண்டது. உன் மாமன் மகன் காசிநாதன் பக்கத்து வயலிலிருந்து ஒரே ஒரு குரல் கொடுத்தான். எழுந்து நேராக நம் வாசலுக்கு ஓடியது. நீ சிரித்தாய். நான் பர்மாவிலிருந்து திரும்பிய அன்றுகூட நீ அப்படிச் சிரிக்கவில்லை.

"நம்ம நாயை அவன் எதுக்குப் பழக்கணும்?" என்று கேட்டேன். நீ சொன்னாய்: "நீங்க பட்டாளத்துல இருந்தீங்க. கூப்பிட்டா வூட்டுக்கு வர ஒரு உசுரு வேணும்னு நாந்தான் பழக்கித் தரச் சொன்னேன்."

கருவாட்டை நாய்க்குப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

லீவு முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷம் பட்டாளத்தில் இருக்கலாம் என்று எங்கள் சுபேதார் சொல்லியிருந்தார். இன்று அரியலூரில் அவரைப் பார்த்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிடப் போகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

காசிநாதன் ஏர் கேட்டு வருவான். கொடுத்தனுப்பு. மோர் கேட்டால் வாசலிலேயே கொடு.

பஞ்சநாதன்

இன்னொன்று. வீரனை என் பேச்சுக்கும் பழக்க வேண்டும். அதை நீதான் சொல்லித்தர வேண்டும், அவன் வேண்டாம்.