கூரையைத் தாண்டிய மரம்

மேட்டு லயம்,
வட்டவளை.

தம்பி தர்ஷனுக்கு,

அக்கா பிரியந்தி எழுதுவது. இங்கே ஒருவரும் சுகமாக இல்லை. கத்தாரில் நீயாவது சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிடுகிறேன். போனில் பேசினால் கத்துகிறாய், பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் அங்கே வருகிற மீனம்மா மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடுதாசியோடு சண்டை போட முடியாதுடா, முழுசாக வாசி.

அப்பா செத்ததைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான். நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால், தேயிலை அழிந்த மேட்டு மலையில் தோட்டத்துக் கம்பெனி மரம் வைத்தது உனக்குத் தெரியும். காற்றில் இருக்கிற கரியை மரமும் மண்ணும் இழுத்து வைத்துக்கொள்ளுமாம், அதற்கு வெளிநாட்டிலிருந்து காசு வருமாம். தோட்டத்தை நடத்துகிற துரை மரத்தின் உயரத்தை மட்டும்தான் அளந்தார். பொஸ்பேட், பொட்டாஷ் உரம் விலை ஏறியதும் நிறுத்திவிட்டு, யூரியாவை இரண்டு மடங்காகப் போடச் சொன்னார். வேலை வாங்கியது கண்டாக்கு அழகுமுத்து. போட்டது நம் அப்பா, கூட நானும்தான். "பாரு தாயி, நம்ம மரம் கூரையத் தாண்டிருச்சு" என்று அப்பா சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

போன வாரம் அடித்த காற்றில் அந்த மரமே வேரோடு சாய்ந்து நம் வீட்டை நசுக்கியது. அப்பாவின் நெஞ்சு உடைந்து, வாயெல்லாம் ரத்தம். ஐயோ, அந்த முகத்தை நீ பார்க்காததே நல்லது.

அடக்கம் முடிந்த மறுநாள் மண் பரிசோதிக்கிற கௌசி மிஸ் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். அவ்வளவு பெரிய மரத்துக்கு வேர் முழங்கை நீளம்கூட இல்லை. "யூரியாவ மட்டும் கொட்டினா தழைதான் ஓடும், வேர் இறங்காது. மண்ணில கரியும் தங்காது. எல்லாச் சத்தும் அளவா இருக்கோணும்" என்றார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், உன் மச்சான் சின்னராசா, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து, அங்கே வந்திருந்த அழகுமுத்துவின் கழுத்துக்கு வீசினார். அந்த ஆள் கையைக் கொடுத்துத் தடுத்தார். மூன்று விரல் மண்ணில் விழுந்தது.

பிறகு லயத்துச் சனமெல்லாம் மேட்டுக்கு ஓடி மரங்களை வெட்டிச் சாய்த்தது. நானும் வெட்டினேன். வெறி அடங்காமல் ஆபீஸ் கண்ணாடியை நொறுக்கினோம். துரை அதற்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டார். உன் மச்சானைத்தான் பொலிஸ் இழுத்துப்போய் ரிமாண்டில் வைத்திருக்கிறது.

"மிச்சத்த நான் வந்து முடிக்கிறேன்" என்கிறாய். எனக்கு மட்டும் மனசு ஆறிவிட்டதா? அழகுமுத்துவை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆனால் உரத்தை நிறுத்தியது அவர் இல்லை. அப்பா மேல் கிடந்த மரத்தைத் தூக்க முதலில் ஓடி வந்தவரும் அவர்தான். உன் மச்சான் வெட்டியது அந்தக் கையைத்தான்.

சாய்த்த மரத்தைத்தான் இப்போது அடுப்பில் வைக்கிறோம். சனியன், எரியவும் மாட்டேன் என்கிறது, ஒண்டியிருக்கிற பக்கத்து வீடெல்லாம் புகை. எழுத்து அங்கங்கே நனைந்திருந்தால் அந்தப் புகைதான், நான் அழுததாக நினைக்காதே.

கருமாதிக்கு வா. வெட்டுவதற்கு வராதே. சிறைக்கூடத்து வாசலில் ஒரு சோற்றுப் பொதியோடு நிற்கிறேன். இரண்டு பொதி தூக்க என்னால் முடியாதுடா, தம்பி.

நீ நூறு வயசு இருக்கணும்.

உன் அக்கா,
பிரியந்தி