கழுவாத டேங்கு

8 பிப்ரவரி 2025

சனிக்கிழமை, கூடை நாள். ஆறு குடும்பத்துக் காய்களையும் எங்கள் கொட்டகையில் பிரித்துக் கட்டி, பூமிகா வேனில் ஆவடி ஃபிளாட்டுகளுக்குக் கொண்டு போகிறாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்: மூன்று வீட்டில் கேட்டார்களாம், கங்கம்மா வெண்டைக்காய் எப்போது வரும் என்று. என் வெண்டைக்காயை யாரும் கேட்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. பெற்ற பெண்தான், ஆனால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

எனக்கும் பக்கத்து வயல் கங்கம்மாவுக்கும் அதே ஆரம்பாக்கத்து மண். அதே மீன் அமிலம், அதே வேப்பெண்ணெய். நடுவில் ஒரு வரப்புதான். அவள் காய் மட்டும் பிஞ்சிலேயே தனி அழகு. எனக்கு வயிறு எரிகிறது. இந்த நோட்டில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

11 பிப்ரவரி

என் வீட்டுக்காரரின் அண்ணன் சுப்பராயன் மாமா காலையிலேயே வந்து நின்றார். "உன் பழைய டேங்க குடு சந்திரா, என்து லீக் ஆவுது. நெல்லுக்கு களை மருந்து அடிக்கணும்."

முதுகில் மாட்டி மருந்தடிக்கிற டேங்கு. எங்கள் இயற்கை விவசாயக் குழுவில் இப்படிக் கொடுப்பது கூடவே கூடாது. ஒருவர் நிலத்தை மற்ற ஐந்து குடும்பமும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். ரசாயனம் தொட்ட டேங்கு தோட்டத்துக்குள் இருந்தாலே அந்த வீட்டை ஒரு வருடம் நிறுத்திவிடலாம். குழுத் தலைவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் தணிகைவேல். அவர் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தார். அவர் அண்ணனிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார். நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம். எங்களிடம் புது பேட்டரி டேங்கு இருக்கிறது, பழையதை நாங்கள் தொடுவதே இல்லை. கங்கம்மாதான் எப்போதாவது எடுப்பாள்.

14 பிப்ரவரி

கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். கங்கம்மா பழைய டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் போனாள். "வேப்பெண்ணெ அடிக்கணும், எடுத்துக்கினு போறேன் சந்திரா" என்று குரல் கொடுத்தாள். தலையாட்டினேன். நாலு எட்டு வைத்திருப்பாள், டேங்கை இன்னும் கழுவவில்லை என்று எனக்கு நினைவு வந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

கூப்பிடவில்லை. ஏன்? கூப்பிட்டால் மாமாவுக்குக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன் — இல்லை, அதைக்கூட நினைக்கவில்லை. பறித்துக்கொண்டே இருந்தேன்.

15 பிப்ரவரி

செடி நன்றாகத்தான் நிற்கிறது. வீணாகப் பயந்தேன்.

21 பிப்ரவரி

கங்கம்மா ஒரு கொத்து இலையோடு வந்து நின்றாள். கொழுந்தெல்லாம் சுருண்டு, விரல் விரலாக நீண்டு இழுத்துக்கொண்டிருந்தது. களை மருந்து பட்ட இலை. நெல் வயலுக்குப் பக்கத்தில் காய் போடுகிற யாருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

"இன்னா இது சந்திரா? வேப்பெண்ணெ தவுர நான் ஒண்ணும் தொடல."

"வைரஸா இருக்கும்க்கா."

"வைரஸுன்னா மஞ்சளா ஆவும். இது பச்சையாவே சுருளுதே."

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். டேங்கு ஞாபகம் அவளுக்கு வந்துவிடுமோ என்று, மோர் கொண்டுவருகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

22 பிப்ரவரி

இவரிடமும் பூமிகாவிடமும் சொல்லிவிட்டேன். "அறிவு கீதா உனக்கு?" என்றார் இவர்.

பூமிகா: "சொல்லிடலாம்பா. தெரியாம நடந்ததுன்னு எழுதுனா ஆன்ட்டிக்கு இந்த ஒரு வெள்ளாமைதான் போவும். நம்மள ஒரு வருஷம் நிறுத்துவாங்க. நிறுத்தட்டுமே."

"ஒரு வருஷம் காய்க் கூடை போவலன்னா ஃபிளாட்காரங்க வேற ஆள பாத்துக்குவாங்க. அப்புறம் நீயும் கம்பெனி பஸ்ல ஏறு."

அவள் அழுதாள். என் தப்புக்கு அவர்கள் இருவரும் சண்டை போட்டார்கள். நான் பூண்டு உரித்தேன்.

2 மார்ச்

குழு மொத்தமும் கங்கம்மா வரப்பில் நின்றது. இவர் ஒரு இலையைக் கிள்ளி எல்லாரிடமும் காட்டினார்.

"உங்க டேங்க்லதான் அடிச்சேன் நைனா. அதுல இன்னா இருந்துச்சோ" என்றாள் கங்கம்மா.

"அது என் தோட்டத்துலயே கெடக்கற டேங்கு. என் வெண்டை ஏன் சுருளல?" என்றார் இவர்.

கங்கம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள், என்னை மட்டும்: "நீ சொல்லு சந்திரா. அத யாருக்கானா குடுத்தியா?"

"இல்லக்கா" என்றேன். சுலபமாகவே வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "உன் புள்ளைய கேட்டியாக்கா? களை மருந்து ஒரு மூடி ஊத்துனா போதும், எங்கம்மா உக்காந்து புடுங்கிக்கினு கீதுன்னு அன்புராஜ் டீக்கடைல சொல்லிக்கினு இருந்தானே" என்றேன். அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். கேட்டவர்கள் அங்கேயே இரண்டு பேர் இருந்தார்கள்; ஆமாம் என்றார்கள். கங்கம்மா முகம் மாறியது. அதற்கப்புறம் அவள் டேங்கைப் பற்றிப் பேசவில்லை.

வேண்டுமென்றே ரசாயனம் போட்ட நிலம், மூன்று வருடம் குழுவில் இல்லை என்று எழுதினார்கள். ஐந்து கையெழுத்து. எங்கள் வீட்டுக்கு நான் போட்டேன்.

5 மார்ச்

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், ஷிப்டுக்குப் போகிறவர்கள் அத்தனை பேர் பார்க்க, கங்கம்மா தன் பிள்ளையை அறைந்தாள். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. "நான் தொடவே இல்லம்மா" என்றான். இன்னொன்று விழுந்தது. அவன் கையை ஓங்கவில்லை, பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

நான் பத்தடி தள்ளி பால் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாக்கெட் நசுங்கியிருக்கிறது, வேறு கொடு என்று கடைக்காரனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

9 மார்ச்

அன்புராஜ் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் கூட வேலை செய்கிறவர்களோடு ரூம் எடுத்துவிட்டானாம்.

22 மார்ச்

கூடையில் என் வெண்டைக்காய் போயிற்று. ரொம்ப நன்றாக இருந்ததாக நாலு பேர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது. வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பூமிகா மெசேஜைப் படித்துக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

11 மே

கங்கம்மா இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாள். மூட்டை மூட்டையாக வருகிற மார்க்கெட் காய். மருந்து வாடை கையை விட்டே போகவில்லை, சோறு பிசைந்தால் குமட்டுகிறது என்றாள். அவள் வயலில் கோரை முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. நாங்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் வரப்பில் நின்றால் தெரிகிறது.

15 ஜூன்

அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துவிட்டோம். இவர்தான் போய்ப் பேசினார். மறுபேச்சில்லாமல் சம்மதித்தாளாம். கேன்டீனிலும் ஆள் குறைத்துவிட்டார்களாம், அதனால் நாளையிலிருந்து எங்களிடமே காய் பறிக்க வருகிறாள். தன் நிலத்திலேயே.

23 ஜூன்

நாஷ்டாவுக்கு இட்லி கொடுத்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஊர்ல ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேசல. நீங்கதான் கூப்ட்டு வேல குடுத்தீங்க. பெத்தது பண்ண வேலைக்கு நான் யார நோவறது?" மகன் போன் செய்தால் இப்போது இவள் எடுப்பதில்லையாம். "செஞ்சத ஒத்துக்கடா, மன்னிச்சிடறேன்னு சொன்னேன். செய்யாதத எப்டி ஒத்துக்கறதுன்றான். பேஜாரு புடிச்சவன்."

இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். வேறு என்ன செய்வது? சொல்லுங்கள் என்று யாரைக் கேட்பது?

19 ஆகஸ்ட்

இப்போது ஒரு சிக்கல். கங்கம்மா வயலை எங்கள் சான்றிதழில் சேர்க்க வேண்டும். ஆனால் அது மூன்று வருடம் சேர்க்கக் கூடாத நிலம். நாங்களே எழுதிக் கொடுத்தது எங்கள் காலையே சுற்றிக்கொண்டது.

இவர் யோசித்து வழி கண்டுபிடித்துவிட்டார். உண்மையை எழுதிவிடலாமாம். பூமிகா டைப் அடித்தாள். மூன்றாவது பத்தி: "பக்கத்து நெல் வயலில் களைக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல் பயன்படுத்தியதால் தவறுதலாக நேர்ந்தது. நில உரிமையாளரோ அவர் மகனோ வேண்டுமென்று எந்த ரசாயனமும் பயன்படுத்தவில்லை." யாருடைய டேங்கு என்று மட்டும் இல்லை. மற்ற நாலு வீட்டுக்கும் எங்கள் வேன் வேண்டும், அதனால் ஒருவரும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கங்கம்மா போட வேண்டியதுதான் பாக்கி.

"பிப்ரவரில நான் சொன்னதுதானே இது" என்றாள் பூமிகா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிரிண்ட் எடுக்கப் போய்விட்டாள்.

24 ஆகஸ்ட்

கங்கம்மா காய் பறித்த கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆந்திரா பக்கம் பிறந்தவள். படித்த ஐந்து வகுப்பும் தெலுங்கு. தமிழ் எழுத்து தெரியாது. "படிச்சி சொல்லு சந்திரா" என்றாள்.

முதல் பத்தி, சர்வே எண். படித்தேன். இரண்டாவது, குத்தகை. படித்தேன். மூன்றாவதில் கண் நின்றது. 'அவர் மகனோ' என்ற சொல் பெரிதாகத் தெரிந்தது. இவர் வாசற்படியில் செருப்பைத் தேடுவது போல் நின்றுகொண்டிருந்தார். படித்துவிடலாம். படித்தால் இன்றைக்கே இவள் கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறுவாள், பிள்ளை காலில்கூட விழுவாள். ஆனால் அதற்கு முன்னால் என்னைப் பார்ப்பாள். எந்த டேங்கு என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

நான்காவது பத்தியைப் படித்தேன்.

கங்கம்மா தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். "அவ்ளோதானா? நெறையா டைப் அடிச்சிக்கீதே. நடுவுல இது இன்னா?" விரல் மூன்றாவது பத்தியில் இருந்தது.

பக்கத்தில் நின்ற பூமிகா குனிந்து பார்த்தாள்.

"அது ரூல்ஸ் ஆன்ட்டி. எல்லா பேப்பர்லயும் வரும்."

"நீ சொன்னா சரிதான்மா" என்று கங்கம்மா தெலுங்கில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பூமிகா பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டு, அவளுக்கு டீ போட உள்ளே போனாள்.