வெண்டெலின் பித்தளைக் குழல்

ஏப்ரல் 4, திங்கள்

வெண்டெல் இன்றைக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். வேலை ஒன்றுமில்லை, பேட்டரியில் புகைவிடும் தன் பித்தளை வேப் குழலைக் காட்டத்தான். நான் ஒரு ஜீப்னி வண்டிக்கு அடியில் படுத்து ஒயர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். குனிந்து என் மூக்குக்கு நேரே ஆட்டுகிறான். கப்பலில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் அமதோர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த ஒரிஜினலாம். பாலீஷ் போட்டுப் போட்டு வெளியே முகம் பார்த்துத் தலை வாருமளவு பளபளப்பு. உள்ளே? ஒருமுறைகூடத் திறந்ததில்லை, அதுவும் ஒரு பெருமை.

"உங்க டூப்புக் குழலை எப்பண்ணே தூக்கிப் போடப்போறீங்க? அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை புகை ஊதற போட்டிக்கும் அதையேவா கொண்டு வரப்போறீங்க?"

டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என்னிடம் கடன் சொல்லி ஹாரன் மாட்டிக்கொண்டவன் உட்பட. பதினேழாம் தேதி இவனை ஜெயிக்காவிட்டால் நான் கானி இல்லை.

ஏப்ரல் 9, சனி

என் குழலைப் பிரித்தேன். மூடி, உடல், பொத்தான், ஸ்பிரிங், வெள்ளை வளையம் – ஐந்தே உருப்படி. சர்க்யூட் கிடையாது, பேட்டரியும் பித்தளையும் தொட்டால் மின்சாரம், அவ்வளவுதான். தொடுகிற இடத்தில் அழுக்கிருந்தால் புகை எங்கிருந்து வரும்? இதைச் சொன்னால் இந்தக் கூட்டத்துக்குப் புரியாது. வெளிப்பக்கம்தான் இவர்களுக்குத் தெய்வம்.

மரைகளை வினிகரும் உப்பும் போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். வெந்நீர். பிறகு ஸ்பிரிட். நன்றாகக் காய்ந்ததும் மாட்டி மீட்டர் வைத்துப் பார்த்தால், அழுத்தும்போது மூன்றே முக்காலுக்கு இறங்கிக்கொண்டிருந்த வோல்ட் இப்போது நாலில் நிற்கிறது. இத்தனை நாளும் அழுக்கு தின்றிருக்கிறது.

பெர்லி வந்து பார்த்தாள். "அடோபோக் கறிக்கு வெச்சிருந்த வினிகர். கட்டின பொண்டாட்டியை இப்படி ஒரு நாள் பாத்திருப்பியா?"

ஏப்ரல் 14, வியாழன்

நம்ப முடியவில்லை. வெண்டெல் தனியாக வந்தான். பொத்தான் சிக்குகிறதாம், குழல் சுடுகிறதாம், புகை பீடிப் புகை மாதிரி வருகிறதாம்.

"கொஞ்சம் பாருங்கண்ணே. யாருக்கும் தெரிய வேணாம்."

போடா என்று துரத்தியிருக்க வேண்டும். போட்டிக்கு மூன்று நாள்! ஆனால் அந்தப் பொத்தானைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. என்ன ஜென்மமோ நான்.

ஏப்ரல் 15, வெள்ளி

முட்டாள், முட்டாள். மேலே பூசிய பாலீஷ் எல்லாம் இடுக்கில் வழிந்து, மரையில் பச்சைக் களிம்பாக இறுகிக் கிடக்கிறது. அடியில் காற்றுப் போகும் ஓட்டைகள் மூன்றும் அடைப்பு. பேட்டரி சூடாகி வாயு கக்கினால் வெளியேற வழியே இல்லை. வாயில் வைத்திருப்பது வெடிகுண்டு என்று தெரியாமல் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறான்.

ஊசியால் ஓட்டைகளைக் குத்தித் திறந்தேன். பொத்தானின் உட்புறக் கறுப்பைத் தேய்த்தபோது வரிசை எண் தெரிந்தது. 0417.

என்னுடையதை எடுத்துவந்து பார்த்தேன். 0417.

ஒரிஜினலில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எண். ஒரே எண்ணை ஆயிரக்கணக்கில் அடிப்பவன் டூப்புக்காரன் மட்டுமே. அவன் மூடியை என் குழலில் திருகிப் பார்த்தேன் – வெண்ணெய் மாதிரி ஏறியது. வயிறு வலிக்கச் சிரித்தேன். போட்டியன்று மைக்கில் சொல்லப்போகிறேன். ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் 17, ஞாயிறு

கூடைப்பந்து மைதானம் நிறையக் கூட்டம். கவுன்சிலர் வேட்பாளர் ஒருவரின் செலவு, அதனால் புகைக்குள்ளும் அவர் முகமே பேனர் பேனராக. கோடு போட்ட பலகைக்கு முன்னால் இரண்டிரண்டு பேராக ஊதவேண்டும், யார் புகை நீளமோ அவர் வெற்றி. எனக்கு எதிரே வெண்டெல்.

எங்கள் முறைக்கு முன்னால் அவன் அண்ணன் அமதோர் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். கழுத்தில் தடித்த சங்கிலி, முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்கதான் கழட்டினீங்களாமே. உள்ள... எல்லாம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இந்தக் குழலைக் கொண்டாந்த தடவை எனக்குக் கப்பலே கிடைக்கலண்ணே. அஞ்சு மாசம் மணிலாவுலதான் இருந்தேன், ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவிக்கிட்டு. வீட்டுல யாருக்கும் தெரியாது. வெறுங்கையோட எப்படிப் போறது? அதான் அங்கயே கியாப்போ சந்தைச் சந்துல வாங்கி..."

என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மேடையில் வெண்டெல் மைக்கைப் பிடுங்கினான். "மக்களே, இந்தப் பக்கம் ஒரிஜினல், அந்தப் பக்கம் டூப்பு!" சிரிப்பு. மைக்கை என்னிடம் நீட்டினான். "சொல்லுங்கண்ணே, ஏதாவது சொல்லுங்க!"

வாங்கினேன். முன்வரிசையில் அவர்கள் அம்மா, அமதோரின் தோளில் கைபோட்டுப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"ஊதலாம்," என்றேன்.

நாலு விரல் அகலத்தில் தோற்றேன். என் கை தேய்த்த மரை, என் கை திறந்த ஓட்டை. அந்த அழுக்குக் குழலோடு வந்திருந்தால் இருமிக்கொண்டு போயிருப்பான்.

ஏப்ரல் 18, திங்கள்

"ஒரிஜினல்னா ஒரிஜினல்தாம்பா" – காலையிலிருந்து ஏழு டிரைவர்கள். பெர்லியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சோறு போட்டாள். நெத்திலி இரண்டு கை அதிகம்.

ஏப்ரல் 24, ஞாயிறு

வெண்டெல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். குரலில் திடீர்ப் பணிவு.

"அண்ணே, எப்படிக் கழட்டறதுன்னு சொல்லிக்குடுங்க. இனிமே நானே சுத்தம் பண்ணிக்கறேன். உள்ள நம்பர் வேற இருக்குமாமே, போட்டோ எடுத்து குரூப்ல போடணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கையை எடு! உன் கைக்கு ஒரு சுத்து தப்பாத் திருகினாப் போச்சு, மரை கூழாயிடும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை எங்கிட்டக் கொண்டுவா. நான் பாத்துக்கறேன். நம்பரெல்லாம் எப்பவோ தேஞ்சு போச்சு."

"காசு?"

"ஓடுடா."

குழலை என்னிடம் விட்டுவிட்டு அவன் போனதும், இரும்புக் கம்பித் தூரிகையை எடுத்து அந்த எண்ணைத் தேய்த்துப் பார்த்தேன். ஆழமாக அடித்திருக்கிறான் டூப்புக்காரப் பாவி, போகவில்லை.

மே 8, ஞாயிறு

வந்தான். பிரித்தேன், தேய்த்தேன், மாட்டினேன். என் பரம வைரியின் குழல் இந்தப் பேட்டையிலேயே சுத்தமான குழல். போகும்போது சொல்லிவிட்டுப் போனான்: "நீங்களும் ஒரு ஒரிஜினல் வாங்கிடுங்கண்ணே. அமதோர்கிட்ட சொல்றேன்."

மே 22, ஞாயிறு

வந்தான். வினிகர் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்கவேண்டும்.