வேனுக்குள் ஓடிய படம்

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளி

கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் ஒரு படத்தைக்கூட விழித்திருந்து முழுதாகப் பார்க்காத என் வீட்டுக்காரருக்கு, பக்கவாதத்தில் பேச்சு போன பிறகு மிஞ்சிய இரண்டு வார்த்தைகளில் ஒன்று ஏன் 'படம்' ஆனது? எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று 'வேண்டாம்'. அது புரிகிறது.

இன்றும் பயிற்சி நடக்கவில்லை. குன்னத்தூரிலிருந்து கோவைக்கு ஒன்றரை மணி நேரம். அவிநாசி தாண்டியதும் ஆரம்பித்துவிட்டார். இடது கையால் வேன் கட்டிலின் கம்பியை அடிப்பதும், "படம், படம்" என்று கத்துவதும். போய்ச் சேர்ந்தபோது இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. இந்த நிலைமையில் கையைத் தொட மாட்டேன் என்று பிசியோதெரபிஸ்ட் ஆஷா திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு மாதமாக இப்படித்தான்.

முதல் ஆறு மாதத்துக்குள் வலது கை திரும்பினால் உண்டு, அப்புறம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிப்ரவரி 22இல் விழுந்தார். இன்னும் மூன்று வாரம். செவ்வாயும் வெள்ளியுமாக ஆறு பயிற்சி.

வேன் கொழுந்தனார் முருகேஷுடையது. குடும்பத்தோடு ஊர் சுற்ற, உள்ளே கட்டில், குட்டி ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் வைத்து ஆசையாகச் செய்தது. கேரவன் என்றுதான் சொல்வார். டிவிக்கு இருந்த நெட் திட்டத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டது, போன் நெட் ஊர் தாண்டினால் நின்றுவிடும். இறக்கி வைத்துக்கொண்டு போட வேண்டும் என்றார்.

"அண்ணனுக்கு இப்பத்தானுங்க அண்ணி படம் பாக்க நேரம் கெடச்சிருக்குது. ஓட்டி வுடுங்க" என்று சிரித்தார். இவர் நான்கு நிட்டிங் மெஷினுக்கு நடுவே நின்றே இருபது வருடம் கழித்த மனிதர். சிரிப்பு எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என் போனில் ஒரு படம் இறக்கினேன். பென் டிரைவில் ஏற்றினால் ஏறவில்லை. அந்த ஆப்பை விட்டு வெளியே வராதாம். கேபிள் வாங்கி வந்து போனையும் டிவியையும் இணைத்தேன். முருகேஷ் வீட்டு ஷெட்டில் நிற்கும் வேனில் காலை ஏழரைக்குப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். படம், சத்தம் இரண்டும் சரி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஏழரைக்கு, அவிநாசிக்குள் நுழையும்போது, படம் நின்றது. ஒரு முறை போட்டுவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம்தான் இருக்குமாம். மறுபடி நெட் கேட்டது. டவர் கிடைத்து, சுற்றிச் சுற்றி, கடைசியில் முதலிலிருந்து இறக்கச் சொன்னது.

சோதித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் ஓடியிருக்கும். சாயப்பட்டறை லேபில் இருபது வருடம். எதையும் முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பார்க்காமல் மெஷினில் ஏற்றியதில்லை. அந்தப் பழக்கம்தான் இன்று கெடுத்தது.

கத்தினார். நூற்று எண்பத்தாறு. திரும்பி வந்தோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முருகேஷ் எங்கிருந்தோ ஒரு படத்தைப் பென் டிரைவில் கொடுத்தார். படம் வந்தது, சத்தம் வரவில்லை. இந்த ஒலியை ஏற்க முடியாது என்று டிவி ஓரத்தில் ஒரு வரி. சரி, இன்றும் போச்சு என்று உட்கார்ந்தேன்.

கத்தவில்லை. சத்தமில்லாத ஒரு கல்யாண வீட்டை, சண்டையை, மழையை ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு என்ன புரிந்திருக்கும்?

பயிற்சி நடந்தது. ஆஷா ஒவ்வொரு விரலாகப் பிடித்து, "சிவராஜ் சார், இதை மட்டும் மடக்குங்க" என்றாள். மடங்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டில் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறார்கள், தைரியமாக இருக்கச் சொல்கிறார்கள். நானும் இருக்கிறேன். 'பூங்குழலி மாதிரி நெஞ்சுரம் வேண்டும்' என்று இன்று ஒருவர் என் பெயரைச் சொல்லி, என்னையே வைத்துக்கொண்டு பேசினார். லேபில் எட்டுப் பெண்கள், எல்லோரும் என் முகத்தைப் பார்த்தபடியே. வேனில்தான் பரவாயில்லை. அவர் தலைமாட்டுக்குப் பின்னால் கடைசி இருக்கை. என் பக்கத்துக் கர்ட்டனை மட்டும் திறந்து வைத்துக்கொள்வேன். அங்கே முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அதே பென் டிரைவ். டிவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிடுங்கி, துடைத்து, மறுபடி சொருகி — இல்லை. கருமத்தம்பட்டி வருவதற்குள் கம்பியில் அடித்து அடித்து இடது கையும் வீங்கிவிட்டது. நல்ல கை அது ஒன்றுதான்.

"ஏனுங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று பின்னாலிருந்து கெஞ்சினேன். நான் பேசப் பேச இன்னும் அதிகமானது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. பயிற்சி இல்லை. ஒரு நாள் கழிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஓட்டுநர் டேனியல் தன்னுடைய பென் டிரைவைக் கொண்டுவந்தார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர். "அக்கா, இந்த டிவிக்குப் புதுசெல்லாம் ஒத்து வராது. இது வேளாங்கண்ணிக்குப் போற சனத்துக்குப் போட்டு ஓட்டுனது. சத்தம் சும்மா கிழிச்சிரும், பாத்துக்கிடுங்க" என்றார்.

படுத்தபடி பார்த்தால் டிவி சரியாகத் தெரிகிறதா என்று ஒரு நாளும் நான் சோதித்ததில்லை. அவர் கட்டிலில் ஏறி, அவர் தலையணையில் சாய்ந்துகொண்டேன். ரிமோட்டை வைத்துக்கொண்டு டேனியல் என் இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தடுப்பில் டிவி, எனக்கு நேர் எதிரே. இன்னும் போடவில்லை. கறுப்பாக இருந்தது.

அந்தக் கறுப்பில் டேனியல் தெரிந்தார். நிழலாக இல்லை. வேன் சாவியால் காது குடைந்துகொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, வாயைக் கோணி — எல்லாம். அவர் பக்கத்துக் கர்ட்டன் திறந்திருந்தது, வெளிச்சம் முழுக்க அவர் முகத்தில்.

கர்ட்டனை மூடச் சொன்னேன். மங்கினார். திறக்கச் சொன்னேன். தெரிந்தார்.

"என்னக்கா, படத்தப் போடட்டா?"

கொஞ்சம் இருங்க என்றேன்.

மார்ச் மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் அந்த இருக்கையில் உட்கார்ந்து நான் அழுதிருக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல். சத்தம் வராவிட்டால் போதும் என்று நினைத்தேன். நெட் இருந்தவரைக்கும் டிவியில் செய்தி ஏதாவது ஓடும். ஜூன் கடைசியில் அந்த நெட் திட்டம் முடிந்து டிவி அணைந்தது. அன்றிலிருந்து ஒன்றரை மாதமாகக் கத்துகிறார்.

நெற்றிகூடச் சுருக்காத மனைவி. அழாத மனைவி. என் அப்பா இறந்த அன்றுகூட நான் அழுது அவர் பார்த்ததில்லை. இப்போது ஒன்றரை மணி நேரம், திரும்பவும் முடியாமல், தலையைத் திருப்பவும் முடியாமல் —

அவர் படமா கேட்டார்?

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. வேறு காரணமும் இருக்கலாம்.

கர்ட்டனை மூடலாம். இடம் மாறி உட்காரலாம். அழாமல் இருக்கலாம். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எந்த மாதிரி ஆள் நான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டேனியலின் படம் போகும்போதும் வரும்போதும் முழுக்க ஓடியது. சத்தம் அவர் சொன்னபடிதான். இவர் அசையவில்லை. இரத்த அழுத்தம் நூற்று முப்பத்தெட்டு. ஆஷாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மணி நேரப் பயிற்சி. விரல் மடங்கவில்லை. வெளியே வந்து ஆஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், வெள்ளிக்கிழமை டாக்டர் பார்ப்பாரு. அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்லக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாளைக்கு: டேனியலின் பென் டிரைவ், கூடவே பிரதி எடுத்த இன்னொன்று. கர்ட்டன் மூடியிருக்கும். நான் டேனியலுக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். டாக்டர் என்ன சொன்னாலும் வேனில் ஏறியதும் படத்தைப் போட்டுவிட வேண்டும். அவர் எதையும் பார்க்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போகும்போது எல்லாம் நேற்று எழுதியபடியே நடந்தது. டாக்டர் நான்கு நிமிடம் பார்த்தார். இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், உடம்பு இறுகிப் போகாமல் வீட்டிலேயே கை காலை அசைத்து விடுங்கள், போதும் என்றார். என்னிடம்தான் சொன்னார். இவர் பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் இருந்தார். காது நன்றாகக் கேட்கும்.

கட்டிலில் ஏற்றிச் சாய்த்துவிட்டு, படத்தைப் போடச் சொன்னேன். டேனியல் ரிமோட்டை எடுத்தார்.

"வேண்டாம்" என்றார் இவர். கத்தவில்லை.

டேனியல் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏனோ பின்னால் போய் என் இருக்கையிலேயே உட்கார்ந்தேன். கர்ட்டனை நான் திறந்தேனா, வேன் கிளம்பியதில் விலகியதா, நினைவில்லை. திறந்திருந்தது.

போடாத டிவியின் கறுப்பில் அவர் கண் தெரிந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைச் சரிசெய்யப் பார்த்தேன். முடியவில்லை. அவருக்கும் அது தெரிந்தது.

அப்புறம் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தூங்கவில்லை. துணியின் பதம் பார்க்கிற மாதிரி இடது கைப் பெருவிரல் போர்வையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கருமத்தம்பட்டி, அவிநாசி, எங்கேயும் கண்ணைத் திறக்கவில்லை. நான் ஊர் வரை அழுதேன். கடைசியில் சத்தமாகவே.

வீட்டு வாசலில் முருகேஷ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அண்ணன் தூங்கீட்டாருங்களா அண்ணி?"

"ஆமாங்க" என்றேன்.