சீல் உடைக்காத பெட்டி

மார்ச் 3, திங்கள்

மெத்தைக் கடைக்கு நுரை ஏற்றிவரும் லாரி இன்றும் தாமதம். வந்ததிலும் இரண்டு கட்டு நனைந்திருந்தது. ஓட்டுநர் “மழைம்மா” என்றார். ஊரெல்லாம் வெயில். மழை இவருடைய லாரிக்குள் மட்டும் பெய்திருக்கிறது. திருப்பி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் மகளுடைய லேப்டாப் செத்துக் கிடக்கிறது. ஆறு வருஷமாகக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டித் தேய்ந்த மெஷின். மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்தால் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பேன். அவளுக்குப் போன வாரம்தான் ஆவணப்படம் எடுக்கிற ஒரு படக்காரம்மா வேலை கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலை செய்கிற பெண்களைப் பற்றிய படம். முதல் பத்து நிமிஷத்தை 17ஆம் தேதிக்குள் வெட்டி, கலர் சரிபார்த்துக் காட்ட வேண்டும். பிடித்தால் முழுப் படமும் இவளுக்கு.

“கல்யாண வீடியோலேர்ந்து தப்பிக்க எனக்கு இருக்கற ஒரே கதவும்மா இது” என்றாள்.

“மெஷின்தானே, வாங்கிட்டாப் போச்சு” என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

மகள் ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். மெமரி முப்பத்திரண்டு. கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்க வேண்டும். திரை, கலரைப் பொய் சொல்லாமல் காட்ட வேண்டும் — இதற்குக் கீழே இரண்டு கோடு.

தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஆசைப்படுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நான் எதையும் வாங்கியதில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் கடைக்காரன் பாதி ஜெயித்துவிடுவான். என் கடைக்கு ஜோடியாக வருகிறவர்களில் யார் மெத்தையைத் தடவுகிறார்களோ அவர்களிடம்தான் நான் பேசுவேன்.

“அம்மா, இது மெத்தை இல்லம்மா.”

“எல்லாம் மெத்தைதான்டீ.”

மார்ச் 5, புதன்

மூன்று கடை. மூன்றிலும் குமட்டல்.

முதல் கடையில் விசைப்பலகைக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாய் லைட் எரிகிறது. “எடிட்டிங்காம்மா? இது பறக்கும்.” பறக்க எதற்கு? உட்கார்ந்த இடத்தில் ஓடினால் போதும். மெமரியைக் கூட்ட முடியுமா என்று கேட்டால், பை இலவசம் என்கிறான். நான் கேட்டதற்கும் பைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு தலையணை இலவசமாகக் கொடுத்து, ஆள் மெத்தையை அமுக்கிப் பார்க்காமல் பார்த்துக்கொள்கிறவள் நான். என்னிடமே!

இரண்டாவது கடையில் ஒரே மெஷின் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றின்மேல் ‘மாணவர்களுக்கு’ என்று ஸ்டிக்கர், இன்னொன்றின்மேல் ‘படைப்பாளிகளுக்கு’. படைப்பாளிக்கு விலை கூட. என்ன வித்தியாசம் என்றேன். “ஃபீல் வேறம்மா.” த்தூ. ஒரே நுரைக்கு நீல உறை போட்டால் முதுகுவலிக்காரருக்கு, சிவப்பு உறை போட்டால் புதுமணத் தம்பதிக்கு. இந்த வித்தையில் நான் இவனுக்குப் பெரியம்மா முறை.

மூன்றாவது கடையில், “இணையத்துல எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க” என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரே வாக்கியத்தில், ஒரே இடத்தில் மூச்சு விட்டு. கூலிக்கு அழுகிறவர்கள்கூட இத்தனை ஒழுங்காக அழமாட்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

வாங்கிவிட்டேன்.

நாலாவது கடை. டை கட்டிய ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், சத்தம் போடாத பேச்சு. “உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கும்மா” என்று ஆரம்பித்தார். இதையும் நான் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டேன்.

மகளுடைய ஆலைக் காட்சிகளைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். மேஜைமேல் கயிறு கட்டி வைத்திருந்த மெஷினில் போடச் சொன்னேன். ஓடியது. ஓட்டிப் பார்த்தேன், நிறுத்தினேன், திரும்ப ஓட்டினேன் — ஒரு திக்கல் இல்லை. வெள்ளைத் துணி வெள்ளையாகவே தெரிந்தது. தாளில் இருந்ததையெல்லாம் கேட்டேன். மெஷினுக்குள்ளேயே திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“இதையே எடுத்துக்கிறீங்களாம்மா?” என்று கேட்டு, அவரே, “வேண்டாம்மா. இது ஆயிரம் பேர் தொட்டது. உங்களுக்கு சீல் உடைக்காத பெட்டி தர்றேன்” என்றார்.

என் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தை. காட்சிக்கு வைத்த சரக்கை எந்த வியாபாரி வாங்குவாள்? சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். விலையிலும் குறைத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு கடையிலிருந்து மனசு நிறைந்து வெளியே வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மகள் பெட்டியைத் திறந்தாள். பத்து நிமிஷத்தில், “அம்மா, இதுல மெமரி எட்டுதான் இருக்கு” என்றாள்.

நான் பார்த்த மெஷினில் முப்பத்திரண்டு. என் கண்ணால் பார்த்தேன். “ஒழுங்காப் பாருடீ.” அவள் திருப்பிக் காட்டினாள். எட்டு. கடைக்குப் போன் போட்டேன். “சீல் உடைச்சிட்டீங்களேம்மா.”

மெமரி, உள்ளே மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்ததாம். கூட்டவும் முடியாதாம்.

மார்ச் 10, திங்கள்

பக்கத்து அறையில் மெஷினுடைய விசிறி ஓயாமல் இரைகிறது. காட்சியைச் சின்னதாக்கி நகல் எடுத்து, அந்த நகலை வெட்டுகிறாளாம். பத்து நிமிஷப் படத்துக்கு ஒரு நாள் முழுக்க நகல். திரையும் மங்கல் என்றாள், வெளிறிப்போய் நீலமாகத் தெரிகிறதாம்.

“நான் பாத்த மெஷின்ல வெண்ணெய் மாதிரி ஓடிச்சு. உனக்கு ஓட்டத் தெரியல” என்றேன்.

சொன்னேன். எழுதும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது. என் வாங்குதலில் குறை என்று இத்தனை வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. அவள் தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள், சத்தமில்லாமல்.

மார்ச் 17, திங்கள்

அனுப்பிவிட்டாள். சாப்பிடாமல் தூங்கிவிட்டாள்.

மார்ச் 19, புதன்

படக்காரம்மா போன் செய்தார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள், நான் கேட்கட்டும் என்றுதானோ.

“வெட்டுனது அருமையா இருக்கும்மா. ஆனா கலர் என்ன இப்படி? துணியெல்லாம் மஞ்சள். முகம் எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி இருக்கு. எந்தத் திரையில பாத்து பண்ணுன? நேரமில்லம்மா, வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன்.”

திரை வெளிறிக் காட்டியதால் இவள் கலரை ஏற்றியிருக்கிறாள். நீலமாகக் காட்டியதால் மஞ்சளைக் கூட்டியிருக்கிறாள். வெளுக்கும் ஆலையைப் பற்றிய படம். அதில் வெள்ளைத் துணி மஞ்சள்.

மகள் என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். “சரிம்மா, நீ கடைக்குப் போகணும்ல” என்றாள். அவ்வளவுதான்.

பில்லை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மெஷின் பெயர் அதேதான். பெயருக்குப் பின்னால் ஒரு நீள எண். எண்ணின் கடைசியில் மூன்று எழுத்து. மேஜைமேல் இருந்த மெஷினை அதன் எண் சீட்டும் தெரிய அன்று போனில் படம் பிடித்திருந்தேன் — அதன் மூன்று எழுத்து வேறு. பெயர் ஒன்று, சரக்கு இரண்டு. நல்லதை மேஜையில் வைத்து, மட்டத்தைப் பெட்டியில் அடைத்து, சீலும் ஒட்டி —

மேலே எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

நேற்று விட்டதை எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்?

என் கடை வாசலில் ஒரு மேடை. மேடையில் ஒரு மெத்தை. அதில் இருப்பது கெட்டி நுரை. சீல் வைத்த பாக்கெட்டில் விற்பனைக்குப் போவது அதைவிட இரண்டு படி மட்டம். முதல் வருஷம் பாக்கெட் சரக்கைத்தான் மேடையில் போட்டேன். வருகிறவர் எல்லாம் உட்கார்ந்து ஒரே மாதத்தில் பள்ளம் விழுந்தது. மேடை தாங்கவேண்டுமே என்று கெட்டி நுரை போட்டேன். தாங்கியது. விற்பனையும் தாங்கியது. அப்புறம் நான் மாற்றவில்லை. “மேடை மெத்தை வேண்டாங்க, ஆயிரம் பேர் உட்கார்ந்தது, சீல் பண்ணினது தர்றேன்” என்று இதே வாயால் இருபத்திரண்டு வருஷம்.

ஆனால் இன்று அதற்காக நான் சும்மா இருக்கவில்லை. அந்த மேஜை மெஷின் எனக்கு வேண்டும் என்று கிளம்பிப் போனேன். மேனேஜர், “அது கம்பெனி பொருள்மா, விக்க முடியாது. பில்லுல நம்பர் தெளிவாப் போட்டிருக்கு” என்றார். தெளிவாகத்தான் இருக்கிறது, எறும்பு படிக்கிற அளவில்.

கத்துகிறவளைப் பார்த்துக் கடைக்காரன் பயப்படமாட்டான். பைத்தியம் என்று சொல்லிவிடுவான். எனக்கு எதைக் கண்டு பயம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாற்காலியை இழுத்து அந்த மேஜை பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே, “தம்பி, பெட்டில இருக்கற கடைசி மூணு எழுத்தையும் மேஜையில இருக்கற மூணு எழுத்தையும் ஒத்துப் பாத்து வாங்குங்க” என்றேன். அவ்வளவுதான் பேசினேன். ஒரு பையனும் அவன் அக்காவும் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒரு வாத்தியார் பார்த்தார், போய்விட்டார். மதியத்துக்குள் ஏழு பேர்.

“அம்மா, வீட்டுக்குப் போங்கம்மா” என்றார் மேனேஜர்.

“ஏசி நல்லாருக்குங்க. நாளைக்கும் வர்றேன்.”

மூன்று மணிக்கு மாற்றிக்கொடுக்கச் சொல்லிவிட்டார்.

டைக்காரர்தான் கயிற்றை அறுத்தார். ஈரத் துணியால் மெஷினைத் துடைத்தார். ஒரு மூலையில் கீறல், இரண்டு விசையில் எழுத்தே தேய்ந்துவிட்டது. பையில் போட்டு நீட்டும்போது, மேனேஜர் காதில் விழாமல் சொன்னார்:

“போன வருஷம் உங்க கடையிலதான்மா மெத்தை எடுத்தேன். எங்கப்பாவுக்கு. மேடையில படுக்கவச்சுப் பாத்துதான் எடுத்தேன்.”

முகத்தில் கோபம் இல்லை. கிண்டலும் இல்லை. ஒரு கடையில் நிற்கிறவர் இன்னொரு கடையில் நிற்கிறவளிடம் சொல்வதுபோல் சொன்னார்.

“இப்ப எப்படி இருக்காங்க அப்பா?” என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

“கீழதான்மா படுத்துக்கறார். தரை பரவாயில்லன்றார்.”

மார்ச் 21, வெள்ளி

மகளிடம் மெஷினைக் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன், டைக்காரருடைய அப்பா தரையில் படுப்பது உட்பட. ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன்.

“எனக்குப் பன்னண்டு வயசுலேர்ந்து தெரியும்மா. மேடையில படுத்துதானே வீட்டுப்பாடம் எழுதுவேன். வீட்ல என் கட்டில்ல இருந்தது பாக்கெட் மெத்தை. ரெண்டும் ஒண்ணில்லன்னு முதுகுக்குத் தெரியாதா?”

“ஏன்டீ சொல்லல?”

“நீ கேக்கற ஆளாம்மா?”

மார்ச் 22, சனி

கடையில் என் பழைய விற்பனைக்காரர் இருக்கிறார். எப்போதும் கழுத்தில் அளவு நாடா தொங்குவதால் ‘நாடா’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மேடை மெத்தையை ஏற்றி டைக்காரர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். விலாசத்தைப் போனில் கேட்டு வாங்கினேன். அவர் தயங்கினார், “வேண்டாம்மா, நான் அதுக்காகச் சொல்லல.” தெரியும் என்றேன்.

நாடா வெறித்துப் பார்த்தார். “அப்ப மேடையில என்னம்மா போடறது?”

“பாக்கெட்ட பிரிச்சுப் போடு.”

“வெளாடாதீங்கம்மா.”

“பிரி.”

மார்ச் 25, செவ்வாய்

விற்பனை இல்லை. நாடா என்னைப் பார்க்காமல் நாடாவைச் சுருட்டுகிறார், பிரிக்கிறார், சுருட்டுகிறார். பார்க்கவே எரிச்சல்.

மகள் அதே பத்து நிமிஷத்தைத் திரும்ப உட்கார்ந்து கலர் பார்க்கிறாள். அதுதான் வேறு ஆளுக்குப் போய்விட்டதே என்றேன். “எனக்கு வெள்ளை வெள்ளையா இருக்கணும்மா, அவ்வளவுதான்.” மெஷின் சத்தமே இல்லை.

மார்ச் 28, வெள்ளி

கெட்டி நுரையில் இனி எல்லாப் பாக்கெட்டும் தைத்தால் என்ன விலை வரும் என்று போட்டுப் பார்த்தேன். யாரும் வாங்கமாட்டார்கள். மட்டத்தை மட்டம் என்று சொல்லி விற்றால்? அதற்கும் ஆள் வேண்டும். இரண்டு வகையும் மேடையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, பேரும் வேறு வேறாக எழுதச் சொன்னேன். “கடைய மூடிடலாம்மா, சீக்கிரமா முடியும்” என்றார் நாடா. வாய்க்கொழுப்பு.

ஏப்ரல் 2, புதன்

யாரும் கேட்காமலேயே மகள் கலர் திருத்தி அனுப்பியிருந்த பத்து நிமிஷத்தைப் படக்காரம்மா பார்த்திருக்கிறார். ஆலைப் படம் போனது போனதுதான், அதில் வேறு ஆள் பெயர்தான் வரும். அடுத்து ஆறு நிமிஷத்தில் ஒரு சின்னப் படம், தீயணைப்பு வண்டி ஓட்டும் பெண்ணைப் பற்றி. அதை இவளிடம் கொடுத்துவிட்டார். மகள் எழுத்துத் தேய்ந்த அந்த இரண்டு விசையிலும் மையால் தானே எழுதிக்கொண்டிருந்தாள்.

கடைக்கு மத்தியானம் ஒரு நடுவயதுத் தம்பதி. மனைவிதான் தடவினார். வழக்கம்போல அவர் பக்கம் திரும்பினேன். விலை குறைந்த மெத்தையில் உட்கார்ந்து, எழுந்து, திரும்பவும் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் அமுங்குதேம்மா.”

நாடா இருமினார். என்னைப் பார்த்தார்.

“அமுங்கும்” என்றேன்.