அந்தத் திருஷ்டி முகம் யாருடையது

இதை யார் எடுத்தாலும் தயவுசெய்து மூடி, கணக்குப் புத்தகங்களுக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால் படியுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாகப் பெரியப்பாவிடம். காலில் விழுகிறேன்.

ஜூன் 15, திங்கள்

வெயில். ஃபேன் காற்றே சுடுகிறது. அறிவியல் ரெக்கார்டில் செம்பருத்தியின் பாகங்கள் வரையவேண்டும். வரையவில்லை.

மாடியில் குடிவந்திருக்கும் கொரியா அக்கா பெயர் சூஜின். ஓவியர். ஆசியா முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். எதற்கு? மிரட்டுகிற முகங்களைத் தேடி! இன்று ஸ்கெட்ச் நோட்டைக் காட்டினாள். பாலியில் கோயில் வாசலுக்கு மேல் பல்லைக் காட்டும் ஒரு தலை. இலங்கையில் பாம்புகளையே முடியாக வைத்த முகமூடி. வியட்நாமில் படகுக்கு இரண்டு கண் வரைகிறார்களாம், போகிற வழியைப் படகே பார்த்துக்கொள்ள. அவள் சொந்த ஊர் எல்லையிலும் மரத்தில் செதுக்கிய முட்டைக்கண் ஆள் ஒருவன் நிற்கிறானாம். அவள் அண்ணன் மறைமலை நகரில் வேலை பார்த்தபோது நம் ஊர் திருஷ்டி பொம்மையைப் போட்டோ எடுத்து அனுப்பினாராம். அதைப் பார்த்துத்தான் இங்கே வந்தாள். தாம்பரத்துக்கு! நம்பவே முடியவில்லை.

பெரியப்பா (இனி பெ.; நாங்கள் எல்லோரும் இருக்கும் இந்த வீடும் அவருடையது) பேசுவது அவள் போனில் இருக்கும் மொழிபெயர்ப்புக்குப் புரிவதில்லை. "இன்னாம்மா, ரூம்பு ஷோக்கா கீதா?" என்றால் போன் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் நடுவில் நான். என் பள்ளிக்கூட ஆங்கிலம், அவளுடைய கொஞ்சம் ஆங்கிலம், மீதி கை ஜாடை.

சாயங்காலம் பக்கத்து மனைக்குப் போனோம். பெ. கட்டும் புது வீடு. சாரத்தில் திருஷ்டி பொம்மை தொங்குகிறது. நீல முகம், கொம்பு, நாக்கு, கோரைப்பல். "இவர் யார்?" என்று கேட்டாள்.

தினமும் அதன் கீழே நடந்துதான் பள்ளிக்குப் போகிறேன். யார் என்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வீட்டுச் சொந்தக்காரர். கோபம் வரும்போது அவர் முகம் இப்படி இருக்கும்."

அவள் உடனே எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை இதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லை.

ஜூன் 16, செவ்வாய்

மதியம் புழுக்கம். இட்லி மிச்சம், உப்புமா ஆனது.

அக்கா கேட்டவையும் நான் சொன்னவையும்:
ஏன் இரண்டு கொம்பு? இரண்டு மாடி கட்டப்போவதால்.
நாக்கு ஏன் வெளியே? கடன் கேட்டு வருகிறவர்களுக்காக.
நீலம் ஏன்? (இதற்கு ரொம்ப நேரம் யோசித்தேன்.) ராத்திரி தூங்காமல் காவல் காப்பதால்.

எல்லாம் நானே கட்டியது. எல்லாம் அவள் நோட்டில். அது புத்தகமாக வரப்போகிறதாம். மாட்டிக்கொண்டால்? ஆனால் நாளைக்கு என்ன கேட்பாள் என்று ஆசையாகவும் இருக்கிறது.

மணல் லாரிக்காரரிடம் பெ. கத்தினார். "நேத்து வர்றேன்னு சொல்லிட்டு இன்னிக்கு வந்துகினு கீற? நான் இன்னா இளிச்சவாயனா?" அக்கா மர நிழலில் உட்கார்ந்து அவரையே பார்த்து வரைந்தாள். பெ. அதைப் பார்த்துவிட்டார். கத்துவதை நிறுத்தி மீசையைத் தடவினார். "மது, என்னியா வரையுது? போட்டோ மாரி வரணும்னு சொல்லு. புது வூட்டு ஹால்ல மாட்டலாம்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஜூன் 17, புதன்

காலையில் தூறல். ரெக்கார்டு கொடுக்காததால் வகுப்புக்கு வெளியே நின்றேன்.

அம்மாவிடம் சும்மா கேட்பது போல் கேட்டேன், திருஷ்டி பொம்மை யார் என்று. "கண்ணு படக்கூடாதுன்னு மாட்டறது. யாருன்னு யாரு கேட்டா? போய்ப் படி."

மேஸ்திரியிடம் கேட்டேன். "ராட்சசன்மா. வயித்தெரிச்சலோட வர்றவன் அவன் மூஞ்சியைப் பாத்து பயந்துருவான். வூட்டைப் பாக்க மாட்டான். எங்க வூட்டாண்ட மாட்டத் தேவையில்ல, மாமியார் கீறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அப்படியென்றால் பெ. ராட்சசன் என்று ஒரு புத்தகத்தில் வரப்போகிறது.

பெ. மீசைக்கு மை அடித்திருக்கிறார். நாளை மறுநாள் தளம் போடுகிறார்கள். குன்றத்தூர் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். "கொரியாக்காரப் பொண்ணு என் படம் வரைஞ்சிருக்கு, வந்து பாருங்க" என்று போனில் அவர்களிடமே சொல்லிவிட்டார்.

ஜூன் 18, வியாழன்

மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

படத்தைப் பார்த்துவிட்டேன். பெரிய பலகை. நீல முகம், கொம்பு, கோரைப்பல், தொங்கும் நாக்கு. எல்லாம் பெ.! மூக்கோரத்து மச்சம். லாரிக்காரரைப் பார்த்த அதே கண். மை அடித்த மீசைகூட. நாளை காலை சாரத்தில் மாட்டச் சொல்லி அவருக்கே பரிசாகக் கொடுக்கப்போகிறாளாம். சம்பந்தி முன்னால்.

நான் பார்த்ததிலேயே நல்ல படம் அதுதான். அதுதான் பயம்.

சொல்லிவிட்டேன். "அக்கா, அது வீட்டுக்காரர் இல்லை. நான் பொய் சொன்னேன்." நோட்டை எடுத்தாள். பிறகு, "கொம்பு?" "அதுவும் பொய்." "நாக்கு?" "அதுவும்." "நீலம்?" தலையாட்டினேன். நோட்டைப் புரட்டி ஒவ்வொன்றாக அடித்தாள். நிதானமாக, கோடு வளையாமல். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் கேட்டாள், "உண்மையில் யார்?" ராட்சசன் என்றேன், மேஸ்திரி சொன்னது. அதை எழுதவில்லை. இனி நான் சொல்வதை எழுதமாட்டாள் போல.

படத்தை மறைத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். முடியாதாம். அவர் முகம், அவருக்குத்தான் முதலில் காட்டவேண்டுமாம். காலையில் அவரிடம் அவளே பேசுவாள், நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்கவேண்டும். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

பெ. அவளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டால்? தப்பு என்னுடையது, வீடு போவது அவளுக்கு.

வண்ணம் காயவில்லை என்று பலகையை மாடிப்படித் திருப்பத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள். அங்கே வைக்காதே என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மொட்டைமாடி டேங்க் நிரம்பி வழிகிறது. கடவுளே. வழிந்தால் பார்க்கப் போவது பெ.தான்.

அவர் செருப்புச் சத்தம். படி ஏறுகிறார். நின்றுவிட்டது. திருப்பத்தில்தான். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, மேலே போகவில்லை. கத்தவும் இல்லை.

இறங்குகிறார். இந்தப் பக்கம்.

தட்டுகிறார். என் அறைக் கதவை.

"மது. தூங்கறியா? தொற. அந்தப் பொண்ண அப்பால கேக்கலாம், நீ சொல்லு மொதல்ல. நான் கத்தறப்போ, நெஜமா அப்டியா கீறேன்?"